வியாபாரம் இரத்தத்தில் வருவதில்லை: மருதமுனைத் தறிகள் சொல்லும் வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

"சோனகனுக்கு யாவாரம் இரத்தத்திலேயே ஊறியது" என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. நாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம்மைப் பிடிக்காதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வாயில் அதன் கருத்து மாறிவிடுகிறது. பிறவியிலேயே வியாபாரிகள், அடுத்தவன் காசில் வாழ்பவர்கள் என்றாகிவிடுகிறது. 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் தொடங்கிய கலவரத்தில் கடைகள் எரிந்தபோதும் இந்தப் பேச்சு இருந்தது. 2014இல் அளுத்கமையிலும், 2018இல் அம்பாறையிலும் திகனயிலும், 2019இல் மினுவாங்கொடையிலும் கடைகள் தாக்கப்பட்டபோதும் இருந்தது.

பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. ஒரு தொழில் செழிக்கிறது என்றால் அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களை எண்ணிச் சொல்லலாம், யாரும் படிக்கலாம். அவை இல்லாமல் போனால் எந்த இரத்தமும் அந்தத் தொழிலைக் காப்பாற்றாது. இதற்கு நம் கண்முன்னே இருக்கும் நல்ல சாட்சி மருதமுனைக் கைத்தறி. அதன் கதைக்குப் போகும் முன் இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கிழக்கில் வாழ்கிறார்கள். சம்மாந்துறையையும் அக்கரைப்பற்றையும் எடுங்கள். வயல்தான் அங்கே வாழ்க்கை. கடலோர ஊர்களில் தோணியும் வலையும். கடை வைத்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் ஊரில் பெரும்பாலானோர் விவசாயி, மீனவர், நெசவாளி, கூலித் தொழிலாளி என்றுதான் இருந்தார்கள். முஸ்லிம் என்றால் வியாபாரி என்ற படம் கொழும்பையும் மலைநாட்டு நகரங்களையும் மட்டும் பார்த்தவர்கள் வரைந்த படம்.

இரண்டாவது, மலைநாட்டில் நம்மவர்கள் கடைக்காரர்கள் ஆனதற்கும் ஒரு வரலாறு உண்டு. கண்டி இராச்சிய காலத்தில் தவளம் என்று ஒரு போக்குவரத்து முறை இருந்தது. மாடுகளின் முதுகில் பொதி ஏற்றிக் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். உள்நாட்டிலிருந்து பாக்கு கரைக்கு வரும். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைக்குப் போகும். மன்னர்களின் நிர்வாகத்தில் இதற்கென்றே 'மடிகே பத்த' என்ற பிரிவு இருந்தது. அதில் பெருமளவு வேலை செய்தவர்கள் முஸ்லிம்கள். ஆங்கிலேயர் 1820களில் கொழும்பு கண்டி வீதியை வெட்டினார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. மாட்டுப் பொதியின் காலம் மெல்ல முடிந்தது. ஆனால் எந்த ஊரில் என்ன விளையும், யாருக்கு என்ன தேவை, யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்ற அறிவு தவளக்காரரிடம் இருந்தது. அந்த அறிவுதான் பிறகு சந்திகளில் கடையாக மாறியது. பாதை அறிந்தவன் கடை போட்டான், அவ்வளவுதான் விடயம்.

இனி தறிக்கு வருவோம்.

மருதமுனை கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு வீதியில், கடலை ஒட்டிய ஊர். நாட்டின் எந்த மூலையிலும் மருதமுனைச் சாரன் என்றால் தெரியும். நம் வாப்பாமார் பெருநாளைக்கு வாங்கினார்கள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் உடுப்பில் அது இருந்தது. சிங்கள ஊர்களிலும் தமிழ் ஊர்களிலும் வயதானவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

சாரன்களில் ஒரு வகைக்குப் 'பளையகாட்' என்று பெயர் சொல்வோம். கட்டம் போட்ட சாரன். கடைக்காரர்களும் அப்படித்தான் கேட்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் பழவேற்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஐரோப்பியர் வாயில் அது புலிகாட், பளையகாட் என்றெல்லாம் ஆனது. ஒல்லாந்தர் 1613இல் அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அந்தக் கரையில் நெய்த கட்டத் துணிகளைக் கப்பலேற்றி இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே துணியைக் கொடுத்து வாசனைத் திரவியம் வாங்கினார்கள். அந்தத் துணி போன இடமெல்லாம் ஊரின் பெயரும் போனது. நம் சாரனிலும் ஒட்டிக்கொண்டது. ஊர் சுருங்கிவிட்டது, பெயர் இன்னும் நம் இடுப்பில் இருக்கிறது.

அந்தத் துணி வியாபாரத்தில் இலங்கைக்கும் பங்கு இருந்தது. மன்னார், யாழ்ப்பாணம், வன்னிப் பகுதிகளில் சாயவேர் என்ற ஒரு செடியின் வேரைத் தோண்டி எடுத்தார்கள். நல்ல சிவப்புச் சாயம் தரும் வேர் அது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் வருமானப் பொருட்களில் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். நூலும் சாயமும் நெய்யும் கையும் இந்தக் கடலின் இரண்டு கரைகளிலும் போய் வந்துகொண்டிருந்தன.

கைத்தறி இந்த நாட்டில் பெரிதாக எழுந்ததற்கு அரசியல் காரணங்களும் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் வரத்துக் குறைந்தது. துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. வெளியிலிருந்து வராத துணியை உள்ளே நெய்ய வேண்டிய நிலை. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் நூல் கொடுத்து நெசவை ஊக்குவித்தன. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. அந்த ஏழு ஆண்டுகளைப் பெரியவர்கள் பஞ்சகாலமாக நினைவு வைத்திருக்கிறார்கள். பாணுக்கு வரிசை, துணிக்குச் சங்கக் கடையில் வரிசை. ஆனால் தறிக்கு அது பொற்காலம். நெய்தது எதுவும் விற்றது. தரம் குறைந்ததும் விற்றது. கிழக்கில் மட்டுமல்ல, நாடு முழுவதும் தறிகள் முளைத்தன.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தோடு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக வந்தது. மினுங்கும் துணி, சுருங்காத துணி, விலை குறைந்த துணி. வரிசையில் நின்று களைத்த சனங்கள் அதை வாங்கியதில் குற்றம் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தறிகள் நின்றன. தறி மரம் விறகாகப் போன வீடுகளும் உண்டு. அதே காலத்தில் வளைகுடா நாடுகளின் கதவும் திறந்தது. தறியை விட்டு எழும்பியவர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். வியாபாரமும் தொழிலும் இரத்தத்தில் இருந்தால் 1977க்குப் பிறகும் எல்லாத் தறிகளும் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. முஸ்லிம் தறியும் நின்றது, சிங்களத் தறியும் நின்றது, தமிழ்த் தறியும் நின்றது. ஆனாலும் மருதமுனையில் ஒரு பகுதித் தறிகள் நிற்கவில்லை. யுத்தத்தையும் சுனாமியையும் கடந்து இன்றும் ஓடுகின்றன. சில குடும்பங்கள் நன்றாகவே வளர்ந்து, பல தறிகள் வைத்துப் பலருக்கு வேலை கொடுக்கின்றன. ஏன் இவை மட்டும்? எனக்கு ஐந்து காரணங்கள் தெரிகின்றன.

1. வேலை செய்யும் இடம் வீடு.

தறி வைக்கத் தனிக் கட்டடம் வேண்டாம். முற்றத்தில் ஒரு தகரக் கூரை போதும். வாடகை இல்லை. வியாபாரம் படுத்தால் கட்டடச் செலவு கழுத்தை நெரிக்காது. நல்ல காலம் வரும்வரை தறி மூலையில் காத்திருக்கும்.

கிழக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஒரு வளவுக்குள் அல்லது ஒரே ஒழுங்கைக்குள் உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருப்பார்கள். சீதன வீட்டைப் பற்றிய சரி பிழை வேறு விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை. தொழில் கண்ணால் பார்த்தால், ஒரு வீட்டில் நூல் சுற்ற, அடுத்த வீட்டில் தறி ஓட, மூன்றாவது வீட்டில் தைத்து மடிக்க வசதியான அமைப்பு இது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். கேட்டைத் தாண்டாமல் சம்பாதிக்கலாம். பெண்களின் உழைப்பு இல்லாமல் இந்தத் தொழில் ஒரு நாளும் நின்று பிடித்திருக்காது என்பதை ஆண்கள் நாம் வெளிப்படையாகச் சொல்வது குறைவு.

2. வேலை பல கைகளுக்குப் பிரிந்திருக்கிறது.

ஒரு சாரன் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். நூல் கழியாக வருகிறது. ஒருவர் அதை அவித்துச் சாயம் போட்டுக் காயவைக்கிறார். ஒருவர் சுற்றுகிறார். ஒருவர் பாவு ஓடுகிறார், அதாவது நீளவாட்டு நூல்களைக் கணக்குப் பார்த்து நிறம் நிறமாக அடுக்குகிறார். பிறகு ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய பாவின் நுனியோடு பிணைக்க வேண்டும். கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை. குறுக்கு நூலுக்குத் தார் சுற்ற இன்னொருவர். அதற்குப் பிறகுதான் நெசவாளி தறியில் ஏறுகிறார். நெய்து இறங்கிய துணியை வெட்டி, இரண்டு முனையையும் மூட்டி, மடித்து, லேபல் ஒட்ட வேறு கை.

இதனால் யாருக்கும் பெரிய முதல் தேவையில்லை. வயதான மூத்தம்மாவுக்கும் தார் சுற்றும் வேலை உண்டு. பாடசாலை விட்ட இளைஞன் சாயத்தில் தொடங்கலாம். ஒருவர் விழுந்தால் அந்த வேலையை அடுத்தவர் எடுத்துச் செய்ய முடியும். தறியின் மரச்சட்டத்தை ஊர்த் தச்சனே செய்வான், அவனே திருத்துவான். வெளிநாட்டிலிருந்து பார்ட்ஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

3. நம்பிக்கையே முதல்.

நூல் வியாபாரி நூலைக் கடனுக்குக் கொடுப்பார். துணி விற்ற பிறகு காசு. புறக்கோட்டைக் கடைக்காரர் துணியைக் கடனுக்கு எடுப்பார். பெருநாள் முடிந்த பிறகு காசு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லோரும் விழுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அறுக்கப் பயப்படுவார்கள். வங்கிக்குப் போகாமல் சீட்டுக் கட்டி முதல் திரட்டியவர்கள் பலர். ஒருவரின் காசு, இன்னொருவரின் உழைப்பு, இலாபத்தில் பங்கு என்ற முழாறபா முறையும் நமக்குப் புதிதல்ல.

ஊர் சின்னது. இன்றைக்கு ஒருவரை ஏமாற்றினால் நாளைக்கு ஜும்ஆவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இதை ஒழுக்கம் என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். வேலை செய்கிறது என்பதே முக்கியம். ஆனால் ஒன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதை ஓதுகிறோம், எழுதி வைப்பதில் மட்டும் சோம்பல் படுகிறோம். உறவுக்குள்ளே உடைந்த வியாபாரங்களில் எத்தனை கணக்கு எழுதாததால் உடைந்தவை என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

4. சின்ன அளவில் மாறத் தெரியும்.

பெரிய ஆலைக்கு ஒரு டிசைன் என்றால் ஆயிரக்கணக்கான மீற்றர் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்டாது. கைத்தறிக்கு ஒரு பாவு போதும். சில டசின் சாரன், அல்லது சில சாரி. அது விற்றால் மீண்டும் போடலாம். விற்காவிட்டால் அடுத்த பாவில் நிறத்தை மாற்றலாம். நட்டம் சின்னது, பாடம் பெரியது.

1977க்குப் பிறகு நின்றுபிடித்தவர்கள் செய்தது இதைத்தான். மலிவுத் துணியோடு மலிவில் மோதவில்லை. வெளிநாட்டுச் சாரன் செய்ய முடியாததைச் செய்தார்கள். கனமான நூல், வியர்வை உறிஞ்சும் பருத்தி, கழுவினாலும் போகாத சாயம். சாரனோடு நிற்காமல் சாரி, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாய் என்று போனார்கள். நம் நாட்டில் பாடசாலைக்கும் கந்தோருக்கும் சாரி உடுத்துப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைத்தறிச் சாரி என்றால் தனி விருப்பம். நம் வீட்டுப் பெண்கள் அபாயாவுக்கு மாறிவிட்டாலும், நம் தறியில் ஓடும் சாரியைச் சிங்கள ஆசிரியைமார் உடுத்துகிறார்கள். சந்தை எங்கே இருக்கிறது என்று பார்த்தவன் பிழைத்தான்.

5. வாங்குகிறவர் எல்லா இனத்திலும் இருக்கிறார்.

தன் ஊருக்குள், தன் ஆட்களுக்குள் மட்டும் விற்றிருந்தால் மருதமுனை என்ற பெயர் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது. சாரன் எல்லோரும் உடுக்கும் உடுப்பு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொல்லும் பேச்சுப் பரவியது. பல ஊர்களில் நல்ல கடைகளே வெறிச்சோடின. அப்போது நம்மில் சிலர் சொன்ன மறுமொழி, இனி நாமும் நம்மவர்களிடம் மட்டும் வாங்குவோம் என்பது. கோபத்தில் வந்த பேச்சு, விளங்குகிறது. ஆனால் சிறுபான்மை ஒன்று தன் வாடிக்கையாளரைத் தானே சுருக்கிக்கொண்டால் யாருக்கு நட்டம்? நாம் வாங்குவதும் விற்பதும் எல்லோரோடும் இருக்கும்போதுதான் நமக்காகப் பேசவும் வெளியில் ஆள் இருக்கும்.

இந்த ஐந்தும் சோதிக்கப்பட்ட காலங்களையும் சொல்ல வேண்டும்.

1990இல் கிழக்கில் யுத்தம் மீண்டும் வெடித்தது. அந்த ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வீதியில் பயணம் செய்வதே உயிரைக் கையில் பிடிக்கும் வேலையானது. நூல் வருவதும் துணி போவதும் தடைப்பட்டன. அந்த ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். கடை, சரக்கு, வீடு, நகை எல்லாம் போனது. புத்தளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களிடம் மிஞ்சியது கைத்தொழிலும் மனித உறவுகளும்தான். தையல் தெரிந்தவன் ஒரு மெஷினை இரவல் வாங்கித் தொடங்கினான். காசு போனாலும் தொழில் தெரிந்தவன் திரும்ப எழும்பலாம் என்பதற்கு நம் காலத்தின் கசப்பான சாட்சி அது. எழும்ப முடியாமல் போனவர்களும் அதில் பலர் என்பதை மறக்கக் கூடாது.

2004 டிசம்பர் 26. சுனாமி. நாட்டிலேயே அதிக உயிரிழப்பு நம் அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். மருதமுனையின் கடற்கரைப் பக்கம் துடைத்தெடுக்கப்பட்டது. மனிதர்களோடு தறிகளும் போயின, பாவும் நூலும் சாயத் தொட்டியும் போயின. ஆனால் தறி மரத்தால் ஆனது, செய்யத் தெரிந்தவர்களும் ஊரில் இருந்தார்கள். தறி மீண்டும் எழும்பியது.

2022இல் வேறு விதமான சுனாமி. 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களில் 360க்கு மேல் போனது. நம் நாட்டில் பருத்தி நூலுக்கு இந்தியாவைத்தான் நம்பியிருக்கிறோம். நூல் விலை கைக்கு எட்டாமல் போனது. சாயமும் அப்படியே. ஆனால் அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. மின்சாரத் தறி நின்றது. கைத்தறிக்கு அந்தக் கவலை இல்லை. பகல் வெளிச்சம் இருந்தால் ஓடும். பழைய தொழில்நுட்பம் என்று நாம் ஏளனமாகப் பார்த்தது, இருட்டில் நின்ற நாட்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்காமல் போக முடியாது. தொழில் செழிக்கிறது, சரி. தறியில் இருக்கிறவர் செழிக்கிறாரா?

நெசவுக்குக் கூலி துண்டுக் கணக்கு. எத்தனை நெய்தாரோ அத்தனைக்குக் காசு. பாவு பிணைக்கும் நாளில் நெசவு இல்லை. மழை நாளில் சாயம் காயாது. காய்ச்சல் வந்தால் வருமானம் இல்லை. நூல் விலை ஏறும்போது முதலாளி சாரன் விலையை ஏற்றுவார், கூலி கடைசியில்தான் ஏறும். அதனால்தான் பிள்ளைகள் தறியில் ஏற மறுக்கிறார்கள். அதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. கடையில் பில் போடும் வேலைக்கு மாதச் சம்பளம் உண்டு. கட்டாரில் அதைவிட உண்டு. நாற்பது வயதுக்குக் குறைந்த நெசவாளியைத் தேட வேண்டிய நாள் வந்தால், மேலே சொன்ன ஐந்து காரணங்களும் இருந்தும் பயனில்லை. 1977இல் வெளித்துணி தறியை நிறுத்தியது. அடுத்த முறை வெளியிலிருந்து யாரும் வரத் தேவையில்லை, கூலி போதாமையே நிறுத்திவிடும்.

கூலியைத் தாமதிக்கக் கூடாது, குறைக்கக் கூடாது என்று நமக்கு மார்க்கமே சொல்லித் தந்திருக்கிறது. இதைத் தொழிலாளர் உரிமை என்று வெளியே இருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

என் கருத்தில் நாம் செய்யக்கூடியவை இவை.

தறி வைத்திருக்கும் சகோதரர்களே, நல்ல நெசவாளிக்குத் துண்டுக் கூலிக்கு மேல் ஒரு நிரந்தரத் தொகை கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். கணக்கை எழுதி வையுங்கள், பாவு பிணைக்கும் நாளையும் அந்தக் கணக்கில் வேலை நாளாகச் சேருங்கள். வேறெங்கோ மெஷினில் ஓடிய துணியில் மருதமுனை என்று லேபல் ஒட்டாதீர்கள். பழவேற்காட்டின் பெயர் நானூறு வருடம் ஓடியது துணி உண்மையாக இருந்ததால். பெயரை விற்றுத் தின்றால் ஒரு தலைமுறைக்குக் கூட வராது.

வாங்கும் நாம், ஷோரூமில் ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, நெசவாளி வீட்டு வாசலில் ஐம்பது ரூபாவுக்கு மல்லுக்கட்டுவதை நிறுத்துவோம். பெருநாளைக்கு ஒரு சாரன், கலியாணத்துக்கு ஒரு விரிப்பு, வெளியூர் நண்பருக்கு ஓர் அன்பளிப்பு என்று வருடத்தில் சில முறை நினைத்தாலே பெரிய உதவி.

ஆசிரியர்கள் நாம், வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளைப் புத்தகத்தில் உள்ள கம்பனிகளோடு நிறுத்தாமல் ஒரு தறி வீட்டுக்குக் கூட்டிப்போவோம். நூல் விலை, கூலி, கடன், இலாபம், சந்தை எல்லாம் அங்கே ஒரு முற்றத்துக்குள் இருக்கிறது. ஒரு சாரனின் அடக்க விலையைப் பிள்ளைகளே கணக்குப் போடட்டும். இலாபத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று அவர்களே காண்பார்கள்.

கடைசியாக, நம்மை யாராவது பிறவி வியாபாரிகள் என்று புகழ்ந்தால் சிரித்துவிட்டுச் சொல்லுங்கள்: இல்லை, எங்கள் உம்மாமார் நூல் சுற்றினார்கள், வாப்பாமார் பாவு பிணைத்தார்கள், கடன் வாங்கினால் திருப்பிக் கொடுத்தார்கள், விற்காததை விட்டு விற்பதை நெய்தார்கள். யாரும் கற்றுக்கொள்ளலாம், நாங்கள் சொல்லித் தருகிறோம் என்று சொல்லுங்கள். பழிப்பவருக்கும் இதுவே பதில்.

மருதமுனை, காத்தான்குடி, நம் சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களே, உங்கள் வீட்டில் ஓடிய தறியைப் பற்றி, கூட்டுறவுச் சங்க நாட்களைப் பற்றி, 1977க்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதைப் பற்றி கீழே எழுதுங்கள். பழைய படங்கள், சங்கப் புத்தகங்கள், லேபல்கள் இருந்தால் போடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வரலாறு புத்தகத்தில் கிடைக்காது. உங்களிடம்தான் இருக்கிறது.

உழைக்கும் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக.